மருத்துவப் பிழையும் இழப்பீட்டு உரிமையும்
(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

மருத்துவப் பிழையால் தீங்குற்றார் பெறத்தக்க இழப்பீட்டைப் பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் எமக்குப் பணித்தனர். பள்ளியிலே பிள்ளைகளுக்கு இலக்கணமும் செய்யுளும் கற்பிக்கும் தமிழாசிரியராகிய யாம் சட்டத்தைப் பற்றிப் பேசப் புகுதல் தகுமோ என்று உங்களுட் சிலர் ஐயுறலாம். அவ்வையம் எமக்கும் உண்டு. சட்டம் எம் தொழிலன்று, மருத்துவமும் அன்று. ஆயினும் இப்பொருளைப் பற்றிப் பேசவேண்டிய கடன் ஒன்று எமக்கு உளது. அஃது இன்னதென்பதைச் சிறிது நேரத்திற் கூறுவோம். வழக்கறிஞரிடம் பன்முறை சென்று கேட்டுத் தெளிந்தவற்றையும், நீதிமன்றத் தீர்ப்புகளைப் படித்து அறிந்தவற்றையுமே ஈண்டுத் தொகுத்துச் சொல்லுகின்றோம். குறை காணின் பொறுத்தருளுமாறு வேண்டுகின்றோம்.

முதற்கண் ஒன்று கூறுதல் வேண்டும். மருத்துவரைப் பழிப்பது எம் கருத்தன்று. பேறுகாலத்தில் தாயோ சேயோ மாண்டதென்பது நம் பாட்டிமார் காலத்தில் வீடுதோறும் கேட்ட செய்தி. இன்று அஃது அரிதாயிற்று. ஊரையே சுடுகாடாக்கிய பெரியம்மை உலகத்தினின்றே ஒழிந்ததென்று 1980-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இவையெல்லாம் மருத்துவர் தம் உழைப்பாலும் அறிவாலும் விளைந்த நன்மைகள். நள்ளிரவில் எழுந்துவந்து நம் பிள்ளைகளின் உயிரைக் காத்த மருத்துவர் பலரை இவ்வவையிலுள்ளார் ஒவ்வொருவரும் அறிவர். அவர்களுக்கு நம் வணக்கம் என்றும் உரியது.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துரைக்கின்றது. நோயுற்றவர் ஒரு கூறு. நோயைத் தீர்ப்பவர் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. அருகிருந்து பணிவிடை செய்வோர் ஒரு கூறு. நான்கனுள் ஒன்று பழுதுபடினும் மருத்துவம் பழுதுபடும் என்பது அதனாற் பெறப்படும். மருத்துவர் வல்லவராயினும் மருந்து மாறிப்போதல் உண்டு. மருந்து நல்லதாயினும் செவிலியர் அதனைத் தவறாக ஊட்டுதல் உண்டு. இந்நான்கு கூற்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் பின்னர் யாம் கூறப்போகும் தீர்ப்புகள் எளிதில் விளங்கும்.

இனி எம் கடனைக் கூறுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் உறவில் தமக்கை முறையாவார் ஒருவரின் மகள் தலைப்பேற்றுக்காக அண்மையிலுள்ள நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டாள். அறுவை செய்து ஆண் குழந்தையை எடுத்தனர். குழந்தை நலம், தாயும் நலம் என்றனர். அன்றிரவு அப்பெண்ணுக்குக் குருதிப் போக்கு நிற்கவில்லை. விரிப்பு நனைந்துவிட்டதென்று எம் தமக்கையார் இரவெல்லாம் செவிலியரிடம் பலமுறை சென்று சொன்னார். இஃது இயல்புதான், அஞ்சவேண்டா என்று விடை வந்தது. மருத்துவர் வந்தது விடியற்காலையில். பொழுது புலர்ந்து சிறிது நேரத்திற்கெல்லாம் அப்பெண் இறந்தாள்.

செய்தி கேட்டு உறவினர் திரண்டனர். இளைஞர் சிலர் கண்ணாடிக் கதவை உடைக்கக் கல்லெடுத்தனர். பெரியவர்கள் தடுத்தனர், தடுத்தவர்களில் யாமும் ஒருவரேம். பின்னர்ப் பேச்சு நடந்தது. மருத்துவமனையார் தம் கட்டணத்தை விட்டுவிடுவதாகவும், இரண்டு இலட்சம் ரூபாய் தருவதாகவும் கூறினர். அதற்கு ஒரு தாள் வேண்டும் என்றனர். தாள் எழுதத் தக்கார் யார் என்று வினவ, பண்டிதர் இருக்கிறாரே என்று எல்லோரும் எம்மைச் சுட்டினர். யாமும் எழுதினோம். நிகழ்ந்தது இறைவன் செயல், எவர்மீதும் குறையில்லை, உடற்கூறு ஆய்வு வேண்டா, இனி இது குறித்து எம்மன்றிலும் வழக்கிடோம் என்பது அத்தாளின் சாரம். அப்பெண்ணின் கணவர் கையொப்பமிட்டார். எம் தமக்கையார் எழுத்தறியாதவர், கைந்நாட்டு வைத்தார். தாளை அவருக்கு யாமே படித்துக் காட்டினோம். அவர் கேட்டாரா இல்லையா என்பதை யாம் அறியோம். அவர் கண்கள் எம்மைப் பார்க்கவில்லை. பிழையில்லாமல் எழுதியிருக்கிறீர் என்று அங்கிருந்தோர் எம்மைப் பாராட்டினர்.

கணவர் வேறு மணம் செய்துகொண்டார். குழந்தையைப் பாட்டியே வளர்க்கின்றார். அவ்விரண்டு இலட்சம் கடனுக்கும் கருமத்துக்கும் பாலுக்குமாக இரண்டாண்டில் தீர்ந்தது. மூன்றாண்டு கழித்து யாம் ஒரு வழக்கறிஞரை வேறொரு காரியமாகக் காணச் சென்றபோது, பேச்சினிடையே இதனைக் கூறினோம். அவர் கேட்ட முதற் கேள்வி, கேஸ் ஷீட்டின் படி உங்களிடம் உள்ளதா என்பது. இல்லை என்றோம். உடற்கூறு ஆய்வு நடந்ததா என்றார். இல்லை என்றோம். வேறு என்ன தாள் உள்ளது என்றார். யாம் எழுதிய தாள் ஒன்றே உள்ளது என்றோம். அவர் சிறிது நேரம் வாளாவிருந்தார். வழக்குத் தொடுக்கும் காலம் கடந்தது ஒருபுறமிருக்க, மெய்ப்பிக்கச் சான்றேதும் இல்லையென்றும், உள்ள ஒரு சான்றும் நமக்கு எதிரானதென்றும் கூறி அனுப்பினார்.

அம்மருத்துவமனை அன்றிரவு தவறு செய்ததா என்பதை யாம் அறியோம். அவர்கள் மீது யாம் குற்றஞ் சாட்டவும் இல்லை. தவறு நிகழ்ந்ததா என்று ஆராயும் வழியையே அடைத்தது எம் தாள் என்பதே எம் துன்பம். எழுத்துப்பிழை ஒன்றுமில்லாத அத்தாளின் பொருட்பிழை முழுவதும் எம்முடையது. இவ்வாறு மற்றொரு தாள் நம் சங்கத்தார் கையால் எழுதப்படாதிருக்க வேண்டுமென்பதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

இது நிற்க. மருத்துவப் பிழை என்பது யாது? நோயாளி இறந்தார் என்பதனாலேயே மருத்துவர் பிழைசெய்தார் என்று கொள்ளலாகாது. தக்க மருத்துவம் செய்தும் சாவு நேர்தல் உண்டு. இங்கிலாந்தில் 1957-ஆம் ஆண்டு போலம் வழக்கில் ஓர் அளவுகோல் வகுக்கப்பட்டது. அத்துறையில் இயல்பான திறனுடைய மருத்துவர் ஒருவர் அந்நிலையில் எவ்வாறு நடந்துகொள்வாரோ அவ்வாறு இவர் நடந்துகொண்டாரா என்று நோக்குவதே அவ்வளவுகோல். தலைசிறந்த வல்லுநரின் திறனை எல்லோரிடத்தும் எதிர்பார்த்தல் கூடாது. இயல்பான கவனமேனும் இல்லாதவழியே அது பிழையாகும். நம் உச்ச நீதிமன்றமும் 2005-ஆம் ஆண்டில் இவ்வளவுகோலை ஏற்றுரைத்தது. அத்தீர்ப்பிலேயே மற்றொன்றும் கூறப்பட்டது. மருத்துவரைக் குற்றவியல் வழக்கில் தண்டிக்க வேண்டுமானால் பிழை மிகப் பெரியதாயிருத்தல் வேண்டும். இழப்பீடு பெறுதற்கோ அத்துணை வேண்டுவதில்லை. ஆதலின் குற்றவியல் வழக்கில் விடுபட்ட மருத்துவரும் இழப்பீடு தரக் கடமைப்பட்டவராதல் கூடும். இவ்விரண்டு வழிகளின் வேறுபாட்டை நம்மவர் பெரும்பாலும் அறிவதில்லை. போலீசில் எழுதிக்கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை, அத்துடன் முடிந்தது என்று இருந்துவிடுகின்றனர்.

மருத்துவக் கவுன்சிலுக்கு முறையீடு செய்தலும் ஒரு வழியே. அக்கவுன்சில் மருத்துவரை எச்சரிக்கலாம்; பதிவேட்டினின்று அவர் பெயரைச் சில காலத்துக்கோ முழுவதுமாகவோ நீக்கலாம்; இழப்பீடு தருமாறு ஆணையிடும் அதிகாரம் அதற்கில்லை. பொருளீடு வேண்டுவோர் செல்லவேண்டிய இடம் வேறு.

அவ்விடம் யாதென்பதைக் கூறுவோம். முன்னாளில் உரிமையியல் நீதிமன்றம் ஒன்றே வழியாயிருந்தது. அவ்வழி எத்துணை நீண்டதென்பதற்கு ஒரு வழக்கைச் சுட்டுதும். மகாராட்டிர மாநிலத்து ஔரங்காபாத்திலே 1963-ஆம் ஆண்டு அரசு மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்குக் கருத்தடை அறுவை நடந்தது. அறுவை செய்தார் குருதி துடைக்கும் துணியை வயிற்றினுள்ளேயே விட்டுத் தைத்துவிட்டனர். சில நாளில் வயிற்றைத் திரும்பத் திறந்தபோது துணி வெளிப்பட்டது, அப்பெண் இறந்தார். வயிற்றுக்குள் துணி கிடந்த பின்னர் வேறு சான்று எதற்கு? பொருளே பேசும் என்று சட்டநூலார் கூறுவது இதனையே. அவ்வாறிருந்தும், கீழ்நீதிமன்றம் அளித்த 36,000 ரூபாயை மேல்நீதிமன்றம் மறுக்க, உச்ச நீதிமன்றம் அதனை நிலைநாட்டியது 1996-ஆம் ஆண்டில். அறுவைக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே 33 ஆண்டுகள். தாயை இழந்த பிள்ளைகள் அதற்குள் தாமே பிள்ளை பெறும் பருவத்தை எய்தியிருப்பர்.

1986-ஆம் ஆண்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கடையில் வாங்கிய பொருள் பழுதுபட்டால் விரைவாகவும் செலவின்றியும் முறையிடுதற்கு அமைந்த சட்டம் அது. மருத்துவமும் அதற்குள் அடங்குமா என்னும் கேள்வி எழுந்தது. அடங்காது என்று இந்திய மருத்துவச் சங்கம் வாதிட்டது. மருத்துவத்தைக் கடைச்சரக்கோடு ஒப்பிடலாமா என்று மருத்துவர் பலர் வருந்தினர். உச்ச நீதிமன்றம் 1995-ஆம் ஆண்டு நவம்பரில், கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் அச்சட்டத்துள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. ஒரே மருத்துவமனை சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாகச் செய்யுமாயின், இலவசமாகப் பெற்றாரும் முறையிடலாம். காப்பீட்டு நிறுவனமோ, வேலை தந்தவரோ கட்டணம் செலுத்தியிருப்பினும் நோயாளி நுகர்வோரே. எல்லோருக்கும் முற்றும் இலவசமாகச் செய்யும் மருத்துவமனை மட்டும் அச்சட்டத்துக்குப் புறம்பானது.

பழைய சட்டத்தை நீக்கி 2019-ஆம் ஆண்டில் புதுச் சட்டம் இயற்றப்பட்டபோது, மருத்துவம் என்னும் சொல் அதில் வெளிப்படையாக இல்லையென்பதால் பழைய ஐயம் மீண்டும் எழுந்தது. மருத்துவம் இன்னும் அடங்கும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2021-இலும், அதனை ஏற்று உச்ச நீதிமன்றம் 2022-இலும் தெளிவுபடுத்தின.

நான்கு கூறு என்று முன்னர்க் கூறினோம் அல்லவா? செவிலியர் பிழைக்கு மருத்துவமனை பொறுப்பாகுமா என்று கேட்பார் உளர். டெல்லியில் 1993-ஆம் ஆண்டு டிசம்பரில் குடற்காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்ட ஒரு குழந்தைக்கு, மருத்துவர் உடனில்லாதபோது செவிலி ஒருவர் ஊசி இட்டார். குழந்தையின் நெஞ்சத் துடிப்பு நின்று மூளை கெட்டது. உயிர் பிழைத்தும் அக்குழந்தை அறிவும் அசைவும் இழந்து கிடந்தது. உச்ச நீதிமன்றம் 1998-இல் குழந்தைக்கு 12 இலட்சத்து 50,000 ரூபாயும், பெற்றோரின் மனத்துயருக்காக 5 இலட்சம் ரூபாயும் வழங்குமாறு விதித்தது. ஊழியர் பிழை நிறுவனத்தின் பிழையே என்பதும், குழந்தையைச் சேர்த்த பெற்றோரும் நுகர்வோரே என்பதும் அதனால் நிலைபெற்றன.

நம் சென்னையிலே நிகழ்ந்தது ஒன்று. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒரு பெண் குழந்தை 29-ஆம் வாரத்திலேயே பிறந்தது. எடை 1,250 கிராம். குறைமாதத்துக் குழந்தைகளின் விழித்திரையில் குருதிக் குழல்கள் நெறிதவறி வளர்தல் உண்டு. பிறந்த சில வாரங்களுக்குள் கண் வல்லுநர் விழித்திரையைச் சோதித்தால் பெரும்பாலும் பார்வையைக் காக்கலாம். காலம் தவறினால் மீட்க இயலாது. அச்சோதனையைச் செய்யவுமில்லை; செய்யவேண்டுமென்று பெற்றோருக்குச் சொல்லவுமில்லை. மாதங்கள் கழித்துப் பெற்றோர் தாமே ஐயுற்று வேறிடத்திற் காட்டியபோது, குழந்தை பார்வையிழந்தமை தெரியவந்தது. முதலில் விதிக்கப்பட்ட தொகை 5 இலட்சம் ரூபாய். தந்தையார் அதனோடு அமையவில்லை. உச்ச நீதிமன்றம் 2015-ஆம் ஆண்டு ஜூலையில், அப்பெண்ணின் வருங்கால மருத்துவத்துக்காக 1 கோடியே 38 இலட்சம் ரூபாயும், கடந்த செலவுகளுக்காக 42 இலட்சத்துக்கும் மேற்பட்ட தொகையும் விதித்தது. அதன் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டு அரசே செலுத்தவேண்டுமென்றும் கூறியது.

இத்தீர்ப்பில் நாம் கருதத்தக்கன இரண்டு. அறுவையில் கை தவறுதல் மட்டும் பிழையன்று. சொல்லவேண்டியதைச் சொல்லாமையும் பிழையே என்பது ஒன்று. தொகையைக் கணக்கிட்ட முறை மற்றொன்று. அப்பெண் வாழப்போகும் ஆண்டுகள் எத்தனை, ஆண்டுதோறும் ஆகும் செலவு யாது, வரவரப் பணத்தின் மதிப்புக் குறைவதனால் அச்செலவு எவ்வளவாக உயரும் என்பனவற்றையெல்லாம் நீதிபதிகள் எண்ணினர். பிழை நிகழாதிருந்தால் அவர் எந்நிலையில் இருந்திருப்பாரோ, பணத்தால் ஆகுமளவு அந்நிலைக்கு அருகிற் கொண்டுவருதலே இழப்பீட்டின் இலக்கணம். இரக்கத்தால் இடும் பிச்சைக்கும் அதற்கும் தொடர்பில்லை. எம் தாளில் எழுதிய இரண்டு இலட்சத்தை எவரும் இவ்வாறு எண்ணவில்லை. தாயில்லாப் பிள்ளை எத்தனை ஆண்டு வளரவேண்டும் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை, யாமும் கேட்கவில்லை.

நோயாளியின் உடன்பாட்டைக் குறித்தும் ஒரு சொல். வயிற்றை ஆராய்வதற்கு மட்டும் இசைந்த ஒரு பெண் மயக்கத்திலிருந்தபோது, அவர் தாயாரின் ஒப்பத்தைப் பெற்றுக் கருப்பையையே நீக்கிவிட்ட வழக்கொன்றில், அகவை நிரம்பிய நோயாளிக்காகப் பிறர் ஒப்பமிட்டது செல்லாதென்று உச்ச நீதிமன்றம் 2008-இல் கூறியது. உடனே செய்யாவிடின் உயிர்க்கு ஊறு என்னும் நிலை அங்கு இல்லை. நம் வீடுகளில் நோயாளி ஒருவராகவும், ஒப்பமிடுவார் பெரியப்பாவாகவும் இருத்தல் வழக்கம். இவ்வழக்கம் மாறவேண்டும். என்ன செய்யப்போகிறார்கள் என்பதை நோயாளியே கேட்டறிந்து தாமே ஒப்பமிடுதல் வேண்டும்.

இனி, செய்யவேண்டுவனவற்றை வரிசையாகக் கூறுவோம். சிறிது செவிசாய்த்துக் கேளுங்கள், இயன்றார் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, தாள்களைப் போற்றுதல். மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு, ஸ்கேன் படம், பணம் கட்டிய ரசீது, வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரி ஆகிய எதனையும் எறிதல் கூடாது. நகையை வைக்கும் பெட்டியிலேயே இவற்றையும் வையுங்கள். உள்நோயாளியின் மருத்துவப் பதிவுகளை மூன்றாண்டு காத்துவைக்கவும், நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவும் மருத்துவர் கடமைப்பட்டவர் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகள் கூறுகின்றன. எழுதிக் கேளுங்கள், கேட்டதற்கு ஒப்புகை பெறுங்கள். மூன்றாண்டு என்னும் எல்லையை மறவாதீர்கள்.

இரண்டாவது, இறப்பில் ஐயம் உண்டாயின் உடற்கூறு ஆய்வை மறுக்காதிருத்தல். இதனைச் சொல்லும்போது எம் நா தயங்குகின்றது. இறந்தாரை அறுப்பதா என்று தாயர் அழுவர். ஆயினும் உண்மையைச் சொல்லும் வாய் அவ்வுடல் ஒன்றேயாதல் உண்டு. சுடலையில் எரிந்த பின்னர் அவ்வாய் திறவாது.

மூன்றாவது, காலம். நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுதற்கு இரண்டாண்டு எல்லை. தக்க காரணம் காட்டினால் தாமதத்தைப் பொறுத்தல் உண்டெனினும் அதனை நம்பியிருத்தல் கூடாது.

நான்காவது, இடம். நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். மருத்துவமனை வேறு மாவட்டத்தில் இருப்பினும் தடையில்லை. கொடுத்த கட்டணம் 50 இலட்சம் ரூபாய் வரையாயின் மாவட்ட ஆணையம். அதற்குமேல் 2 கோடி வரை மாநில ஆணையம். அதற்கும் மேலாயின் தேசிய ஆணையம். கேட்கும் இழப்பீட்டைக் கொண்டு இவ்வெல்லை வகுக்கப்படவில்லை. கொடுத்த கட்டணத்தைக் கொண்டே வகுக்கப்பட்டது. ஆதலின் நம்மவர் வழக்குகள் பெரும்பாலும் மாவட்டத்திலேயே அமையும். கட்டணம் 5 இலட்சத்துக்கு மேற்படாதாயின் மனுவுக்குச் செலுத்தவேண்டிய தொகை ஒன்றுமில்லை. வழக்கறிஞர் இல்லாமலும் வாதிடலாம். பெண்டிர், சிறார், பட்டியல் இனத்தார், பழங்குடியினர், உடற்குறையுடையார், வருவாய் குறைந்தோர் ஆகியோர்க்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரை இலவசமாக அமர்த்தித் தரும். மாவட்ட நீதிமன்றத்திலேயே அவ்வலுவலகம் உளது.

ஐந்தாவது, அரசு மருத்துவமனை. முற்றும் இலவசமாயின் நுகர்வோர் ஆணையம் செல்ல இயலாதென்றோம். ஆயினும் வழி அடைபடவில்லை. உரிமையியல் நீதிமன்றம் உண்டு. உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கோரும் வழியும் உண்டு. மேற்கு வங்காளத்தில் 1992-ஆம் ஆண்டு தொடர்வண்டியினின்று வீழ்ந்து தலையில் அடிபட்ட கூலித்தொழிலாளி ஒருவரைப் படுக்கை இல்லையென்று அரசு மருத்துவமனைகள் பல திருப்பியனுப்பின. அஃது உயிர்வாழும் உரிமைக்கு மாறானதென்று 1996-இல் உச்ச நீதிமன்றம் கூறி, 25,000 ரூபாய் இழப்பீடு வழங்குமாறு விதித்தது. தொகை சிறிது, நிலைநாட்டிய நெறி பெரிது.

இவற்றைக் கேட்டபின் சிலர் உள்ளத்தில் எழும் மறுப்புகளையும் யாம் அறிவோம்.

இறந்தவர் பேரால் பணம் வாங்குதல் பிணத்தை விற்பதன்றோ என்பார் சிலர். எம் தமக்கையாரும் அன்று அவ்வாறே கூறினார். அதனாலேயே பேரம் பேசும் வேலை எம்போன்றோரிடம் வந்து சேர்ந்தது. எண்ணிப் பாருங்கள். சாலையில் வண்டி மோதி இறந்தவரின் குடும்பம் இழப்பீடு பெறுதலை நாம் பழிப்பதில்லையே. உண்மையில் விலை பேசப்பட்டது எந்த இடத்தில்? பிணம் வாயிலில் கிடக்க, மூடிய அறையில் இருந்து இரண்டு இலட்சத்துக்குத் தாளெழுதிய இடத்திலன்றோ? நீதிமன்றத்தில் இருபக்கமும் கேட்டு, உண்மையை ஆராய்ந்து, பிள்ளையின் வளர்ப்புக்கு வேண்டுவதை அளந்து தருதல் விலையாகாது.

எல்லாம் விதி என்பார் மற்றுஞ் சிலர். விதியை யாமும் மறுக்கவில்லை. ஆனால் வயிற்றில் துணியை விட்டுத் தைத்ததற்கு விதியின் மேற் பழிபோடுவதாயின், கவனமாக அறுவை செய்யும் நல்ல மருத்துவரைப் பாராட்டுதற்கும் இடமில்லாமற் போகும்.

வழக்குக்கு அஞ்சி மருத்துவர் ஆபத்தான நோயாளியைத் தொடமாட்டார். வேண்டாத சோதனைகளைப் பெருக்குவார் என்பார் உளர். இதில் உண்மை இல்லாமலில்லை. வழக்கென்றாலே பகை என்று கருதுவதால் வரும் கேடு இது. மருத்துவர் பலர் இதற்கெனக் காப்பீடு செய்துகொள்கின்றனர். அவர்க்கெதிராக வரும் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் தருகின்றது. நியூசிலாந்து நாட்டில் 1974-ஆம் ஆண்டு முதல் வேறொரு முறை நடைபெறுகின்றது. மருத்துவத்தால் தீங்குற்றார் எவர் பிழையென்று மெய்ப்பியாமலே பொதுநிதியினின்று ஈடு பெறுகின்றனர். மருத்துவர்மேல் இழப்பீட்டு வழக்கிடுதல் அங்குப் பெரும்பாலும் இல்லை. நம் நாட்டிலும் அவ்வாறு ஒன்று அமையின் நன்று. அமையும் வரையில் உள்ள வழியைப் பயன்படுத்தாதிருத்தல் அறிவுடைமையாகாது.

இளைஞர்களுக்கு ஒரு சொல். கல்லெடுத்தலால் ஒரு பயனும் இல்லை. மருத்துவப் பணியாளரைத் தாக்குதலும் மருத்துவமனைப் பொருளைச் சிதைத்தலும் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். அன்றியும், கல் வீழ்ந்த அக்கணமே வழக்கு தலைகீழாகும். பிள்ளையை இழந்தவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பார். அக்கல்லுக்கு அஞ்சியே பெரியவர்கள் விரைந்து பேரத்துக்கு இசைகின்றனர். கல்லெறிந்தவரும் தாளெழுதியவரும் சேர்ந்தே அக்குழந்தையின் உரிமையை அழித்தோம்.

இறுதியாகச் சங்கத்தார்க்கு எம் வேண்டுகோள். நம்மவர் வீட்டில் இத்தகைய துயரம் நேருங்கால், சங்கத்துப் பெரியவர்கள் செல்லுதல் நன்று, செல்லத்தான் வேண்டும். ஆனால் சமரசத் தாளில் அன்றைக்கே ஒப்பமிடுவிக்கும் வேலையை இனி மேற்கொள்ளாதிருப்போமாக. பதினாறாம் நாள் கழியட்டும். பதிவுகளைக் கேட்டுப் பெறட்டும். வழக்கறிஞர் ஒருவரும் நடுநிலையான மருத்துவர் ஒருவரும் அவற்றைப் பார்க்கட்டும். பிழையில்லையென்று அவர்கள் கூறின், குடும்பத்தாரின் மனமும் ஆறும். மருத்துவர்மேல் வீண்பழியும் நீங்கும். பிழையுண்டு என்று கூறின், அதன் பிறகு சமரசமாயினும் வழக்காயினும் அறிந்தே செய்யலாம். எழுத்தறிந்த இருவர் இவ்வேலைக்கென ஊர்தோறும் முன்வருதல் வேண்டும். துயருற்ற வீட்டிற் சென்று மனு எழுதுதலும், ஒப்புகை வாங்குதலும், நாள்களைக் குறித்துவைத்தலும் அவர்கள் தொண்டாம். இரண்டாம் பெயர்க்குப் பிறரைத் தேடுக. முதற் பெயராக எம் பெயரை எழுதிக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கின்றோம்.

எம் தமக்கையாரின் பேரன் இவ்வாண்டு எம் பள்ளியிலேயே முதல் வகுப்பிற் சேர்ந்திருக்கின்றான். அரிச்சுவடி கற்கின்றான். எம் கையெழுத்தில் ஒரு தாள் அவன் பாட்டியின் பெட்டியில் இருக்கின்றது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவுடன் அவன் அதனைப் படிப்பான். அதற்கு யாம் என்ன விடை கூறுவோம் என்பது எமக்கு இன்னும் தோன்றவில்லை. மற்றொரு பிள்ளைக்கு அத்தகைய தாள் எழுதப்படாதிருந்தால், ஒரு பாதி விடையேனும் எமக்குக் கிடைக்கும்.